அந்தக் குச்சி அங்கேயே இருக்கட்டும்

பறவைப் படமெடுப்பவர்களிடையே ஒரு நம்பிக்கை சட்டம்போல் நிலைபெற்றுவிட்டது. பறவையின் உடலைத் தொடாதவரை, படத்தில் கண்ணை உறுத்தும் எதையும் கணினியில் அழித்துவிடலாம் என்பதே அந்த நம்பிக்கை. மார்பின் குறுக்கே சாயும் புல், வாலருகே நீட்டிக்கொண்டிருக்கும் சுள்ளி, பின்னால் ஓடும் மின்கம்பி, காலில் மாட்டிய வளையம், கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் உறை என எல்லாமே இந்தக் கணக்கில் வந்துவிடுகின்றன. "அந்தக் குச்சியை மட்டும் க்ளோன் பண்ணிடுங்க தம்பி, படம் எங்கேயோ போயிடும்" என்று மூத்தவர்கள் இளையவர்களுக்கு யோசனை சொல்கிறார்கள். யாரையும் ஏமாற்றும் எண்ணம் அவர்களுக்குக் கிடையாது. பறவையை இன்னும் அழகாகக் காட்ட வேண்டும் என்ற ஆசையே அவர்களைப் பேசவைக்கிறது. ஆனாலும் இந்த நம்பிக்கை தவறானது. பறவைகளைப் பற்றிய அறிவுக்கும், அவற்றைக் காப்பாற்றும் முயற்சிக்கும், படமெடுப்பவரின் கண்ணுக்கும் இது கேடு செய்கிறது. இதைக் கைவிட்டாக வேண்டும்.

பறவை வேறு, அதைச் சுற்றியிருப்பது வேறு என்ற எண்ணத்தின்மேல்தான் இந்த நம்பிக்கை நிற்கிறது. வயல்வெளியில் ஒரு நாள் நின்று பார்த்தவருக்குக்கூட அது பொருந்தாத எண்ணம் என்று தெரியும். கீச்சானை எடுத்துக்கொள்வோம். பிடித்த வெட்டுக்கிளியையும் ஓணானையும் முள்ளில் குத்திவைத்துக் கிழித்துத் தின்னும் பறவை அது. வல்லூறுபோல் இரையை அழுத்திப் பிடிக்கும் வலுவான கால்கள் அதற்கு இல்லை. அந்தக் குறையைக் கருவேல முள் ஈடுகட்டுகிறது. முள்கிளை கூட்டமாகத் தெரிகிறது என்று அதை அழித்து, பச்சைப் பின்னணியில் ஒற்றைக் கொம்பின்மேல் கீச்சானை உட்காரவைத்தால், அதன் பிழைப்பையே படத்திலிருந்து எடுத்துவிட்டோம் என்று பொருள். பக்கி பகலெல்லாம் சருகோடு சருகாகப் படுத்துக் கிடக்கிறது. அதன் இறகின் ஒவ்வொரு புள்ளியும் அந்தச் சருகுக்காக அமைந்தது. மஞ்சள் குருகு ஆபத்தை உணர்ந்தால் அலகை வானத்தை நோக்கி நிமிர்த்திக்கொண்டு கோரைக்குள் அசையாமல் நிற்கும். மார்பின் குறுக்கே விழும் கோரைத் தண்டுகள் இல்லாவிட்டால் அந்த நிற்பின் நோக்கம் யாருக்கும் விளங்காது. நாம் இடைஞ்சல் என்று நினைப்பதை அந்தப் பறவை தன் உயிரைக் காக்கும் அரணாக வைத்திருக்கிறது.

சுற்றுப்புறம் காலத்தையும் இடத்தையும் சொல்கிறது. வேடந்தாங்கல் நாரை நீர்க்கடம்பில் உட்கார்ந்திருக்கிறதா, கருவேலத்திலா? மீன்கொத்தியின் கீழே விரிந்திருப்பது அல்லியா, ஆகாயத்தாமரையா? புதர்ச்சிட்டு பாடுவது ஈச்சம்புதரிலிருந்தா, உண்ணிச்செடியிலிருந்தா, சீமைக்கருவேலத்திலிருந்தா? இன்று இவை அற்பக் கேள்விகளாகத் தோன்றலாம். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஓர் ஏரி எப்படி மாறியது என்று ஆராய்பவருக்கு, ஆயிரக்கணக்கான சாதாரணப் படங்களின் ஓரங்களில் கிடக்கும் இந்தச் செடிகொடிகள் பெரிய ஆதாரமாக இருக்கும். படமெடுத்தவர் அறியாமலே பதிந்த செய்தி அது. அறியாமல் பதிந்ததால்தான் அதற்கு நம்பகம் அதிகம். எது தேவை, எது தேவையில்லை என்று இன்றைய ரசனையை வைத்துத் தீர்மானித்து அழித்துவிட்டால், நாளைய கேள்விக்கான விடையையும் சேர்த்து அழிக்கிறோம்.

பறவை உண்மையாக இருந்து சூழல் மட்டும் பொய்யானால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியப் பறவையியலிலேயே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. ஃபாரஸ்ட் ஆவ்லெட் என்னும் சிறு காட்டு ஆந்தை 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகு யார் கண்ணிலும் படவில்லை. விதிவிலக்காக இருந்தது ஒரே ஒரு பதப்படுத்திய உடல். அதை 1914இல் குஜராத்தில் சேகரித்ததாக ரிச்சர்ட் மைனர்ட்சாகன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி குறிப்பு எழுதியிருந்தார். அந்தப் பறவை உண்மையானதுதான். ஆனால் அது 1880களில் ஜேம்ஸ் டேவிட்சன் சேகரித்தது. அருங்காட்சியகத்திலிருந்து அதைத் திருடி, உடலை மறுபடி பதப்படுத்தி, வேறு இடமும் வேறு நாளும் எழுதிய சீட்டைக் கட்டியிருந்தார் மைனர்ட்சாகன். அந்தச் சீட்டை நம்பியவர்கள் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருந்தார்கள். பமீலா ராஸ்முசன் இந்த மோசடியைக் கண்டறிந்து, பொய்க் குறிப்பை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான குறிப்புகள் காட்டிய பகுதிகளில் தன் குழுவோடு தேடினார். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதாவுக்கு அருகில் அந்த ஆந்தை உயிரோடு கிடைத்தது. மைனர்ட்சாகன் செய்ததும் கணினியில் சுள்ளியை அழிப்பதும் ஒரே அளவுக் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் "பறவையைத் தொடவில்லையே" என்ற சமாதானம் எவ்வளவு பலவீனமானது என்பதை அந்த ஆந்தை காட்டிவிட்டது.

இனி வளையத்துக்கு வருவோம். பறவையின் காலில் தெரியும் உலோக வளையமும் வண்ணப் பட்டையும் படத்தின் இயற்கைத்தன்மையைக் கெடுக்கின்றன என்று அவற்றை அழிப்பவர்கள் உண்டு. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாக வலசைப் பறவைகளைப் பிடித்து வளையமிட்டு விடுகிறார்கள். அந்த வளையத்தில் ஓர் எண் இருக்கிறது. அதைப் படித்துச் சொல்ல உலகின் எங்கோ ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அந்த உழைப்பே நடக்கிறது. 2007இல் அலாஸ்காவிலிருந்து நியூசிலாந்துவரை எங்கும் இறங்காமல் 11,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்த பட்டைவால் மூக்கனை உலகம் 'இ7' என்ற பெயரால் அறிகிறது. அது அதன் கால்பட்டையில் இருந்த எழுத்து. விஸ்டம் என்று பெயரிடப்பட்ட ஆல்பட்ராஸ் பறவைக்கு சாண்ட்லர் ராபின்ஸ் என்ற பறவையியலாளர் 1956இல் பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் வளையமிட்டார். 2002இல் அவரே அதை மறுபடி பிடித்தார். எழுபது வயதைக் கடந்த பிறகும் 2024இல் அது முட்டையிட்டது என்று நாம் உறுதியாகச் சொல்வது காலில் இருக்கும் வளையத்தால்தான். வளையத்தை அழித்த படத்தில் விஸ்டம் இன்னொரு ஆல்பட்ராஸ், அவ்வளவே. ஒரு பறவையின் முகவரியை அழித்துவிட்டு அதை அழகுபடுத்தியதாகச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

மின்கம்பியின் கதை இன்னும் கொடியது. கானமயிலைப் படமெடுக்க ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்துக்குப் போகிறவர்கள், விரிந்த புல்வெளியில் தன்னந்தனியாக நிற்கும் கம்பீரமான பறவையைக் காட்ட விரும்புகிறார்கள். பின்னால் மின்கோபுரமும் கம்பியும் விழுந்தால் அவற்றைத்தான் முதலில் அழிக்கத் தோன்றுகிறது. ஆனால் எஞ்சியிருக்கும் கானமயில்களைக் கொல்லும் முதன்மைக் காரணங்களில் ஒன்று அந்தக் கம்பிதான். கனத்த உடல் கொண்ட பறவை அது. அதன் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. கம்பியை நெருங்கிய பிறகு சட்டென்று விலகவும் முடியாது. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கானமயில் வாழும் பகுதிகளில் மின்தடங்களை முடிந்தவரை நிலத்தடியில் பதிக்க ஆணையிட்டது. 2024 மார்ச்சில் அந்த ஆணை திருத்தப்பட்டு வல்லுநர் குழு ஒன்று அமைக்கப்பட்டது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் எந்தக் கம்பியைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வழக்கை விசாரித்ததோ, அந்தக் கம்பியை நம் படங்களிலிருந்து நாமே துடைத்தெடுத்தால், கானமயிலுக்கு என்ன நேர்கிறது என்று மக்களுக்கு எப்படித் தெரியும்? தார்ப் பாலைவனம் இன்னும் தீண்டப்படாத வெளியாகவே இருக்கிறது என்ற நிம்மதியை நம் படம் அவர்களுக்குக் கொடுக்கும். அந்த நிம்மதி பொய்யானது. பொய்யான நிம்மதியால் எந்தப் பறவையும் பிழைக்காது.

குப்பைக்கும் இதே கதைதான். சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதன் ஒரு பகுதியைப் பெருங்குடிக் குப்பைமேடு விழுங்கியது. அங்கே பூநாரையையோ நாமக்கோழியையோ எடுக்கும் படத்தில் பிளாஸ்டிக் உறை விழாமல் இருந்தால்தான் வியப்பு. அதை அழித்துவிட்டு வெளியிடும் படம், பள்ளிக்கரணை நலமாக இருக்கிறது என்று சாட்சி சொல்கிறது. கிறிஸ் ஜோர்டன் 2009இல் மிட்வே தீவில் எடுத்த படங்களை நினைத்துப் பாருங்கள். இறந்து மக்கிய ஆல்பட்ராஸ் குஞ்சுகளின் வயிற்றுக்குள் பாட்டில் மூடிகளும் லைட்டர்களும் கிடந்தன. ஒரு துண்டு பிளாஸ்டிக்கைக்கூடத் தான் நகர்த்தவோ சேர்க்கவோ இல்லை என்று அவர் வெளிப்படையாக அறிவித்தார். உலகம் அதிர்ந்ததற்கு அந்த உறுதிமொழிதான் காரணம். 2019இல் அமெரிக்காவின் ஃபுளோரிடா கடற்கரையில் ஸ்கிம்மர் பறவை ஒன்று தன் குஞ்சுக்கு சிகரெட் துண்டை ஊட்டிய படம் வெளியானது. அந்தத் துண்டுதான் அந்தப் படத்தின் செய்தி. உறுத்துவதை நீக்கும் பழக்கம் கையில் ஊறிவிட்ட ஒருவருக்கு, எது உறுத்தல், எது செய்தி என்று பிரித்துப் பார்க்கும் கண்ணே மங்கிப்போகும்.

தொழில்நுட்பத்தின் பக்கம் பார்த்தால் இந்த நம்பிக்கை தன்னைத்தானே மறுத்துக்கொள்கிறது. ஒரு பொருளை அழித்தால் அந்த இடம் வெறுமையாக இருக்க முடியாது. எதையாவது வைத்து நிரப்பியாக வேண்டும். தொடக்கத்தில் படத்தின் வேறொரு மூலையிலிருந்து நகலெடுத்து ஒட்டினார்கள். 2010இல் ஃபோட்டோஷாப் தானே சுற்றுப்புறத்தைப் பார்த்து நிரப்பத் தொடங்கியது. 2023இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில், வேறு லட்சக்கணக்கான படங்களில் கற்றதை வைத்து ஊகித்து வரைகிறது. புல் பறவையின் மார்பின்மேல் விழுந்திருந்தால், அதை அழித்த இடத்தில் முளைப்பது இறகு. அந்த இறகை எந்தப் பறவையும் அணிந்ததில்லை. அப்படியானால் பறவையின் உடலைத் தொடவில்லை என்ற வாக்கு அந்த நொடியிலேயே பொய்த்துவிடுகிறது.

அந்தப் பொய் எவ்வளவு தூரம் போகும் என்று நெட்டைக்காலிப் பறவைகளைக் கேட்டால் தெரியும். நம் வயல்களில் ஆண்டு முழுவதும் இருக்கும் வயல் நெட்டைக்காலியும், குளிர்காலத்தில் வலசை வரும் ரிச்சர்டு நெட்டைக்காலியும், பிளைத் நெட்டைக்காலியும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். பின்விரல் நகத்தின் நீளம், சிறகின் நடு மூடிறகுகளில் இருக்கும் கரும்பகுதியின் வடிவம் போன்ற நுணுக்கங்களை வைத்துத்தான் அவற்றைப் பிரிக்க முடியும். அந்த நகம் பெரும்பாலும் புல்லுக்குள் மறைந்திருக்கும். புல்லை அழித்தால் இயந்திரம் அங்கே ஒரு நகத்தை வரைந்துவைக்கும். அந்த நகத்தை அளந்து ஒருவர் இனத்தைத் தீர்மானித்தால், இல்லாத பறவை பட்டியலில் ஏறிவிடும். இன்று பறவை நோக்கர்களின் படங்கள் அவரவர் கணினியோடு நின்றுவிடுவதில்லை. பறவை நோக்கர்கள் தாம் கண்டதைப் பதியும், 2002இல் தொடங்கிய ஈபேர்டு இணையதளத்துக்கும், அதன் வழியாக கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெக்காலே நூலகத்துக்கும் அவை போய்ச் சேருகின்றன. பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பவையும் அத்தகைய படங்கள்தான். இயந்திரம் வரைந்த இறகைக் காட்டி இன்னோர் இயந்திரத்துக்குப் பறவையைக் கற்பிக்கும் நிலைக்கு நாம் போய்க்கொண்டிருக்கிறோம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது கலையின் உரிமை. அதற்கு அமெரிக்க நிலக்காட்சிப் படக்கலைஞர் அன்செல் ஆடம்ஸைச் சாட்சிக்கு அழைப்பார்கள். 1944இல் சியரா நெவாடா மலைத்தொடரின் குளிர்காலச் சூரிய உதயத்தை அவர் எடுத்தார். அந்த ஊர்ப் பள்ளி மாணவர்கள் மலைச்சரிவில் வெள்ளைக் கற்களால் பதித்திருந்த இரண்டு பெரிய எழுத்துகளைத் தன் படத்திலிருந்து அவர் அழித்தார். உண்மைதான். ஆனால் அதை அவர் மறைக்கவில்லை. தன் படங்கள் உருவான விதத்தை விளக்கி எழுதிய நூலில் காரணத்தோடு சொன்னார். அவர் வெளியிட்டது நிலக்காட்சியைப் பற்றிய தன் கலைப்பார்வை. ஓர் உயிரினத்தின் பெயரும், இடமும், நாளும் குறித்து வெளியிடும் படம் அப்படிப்பட்டது அன்று. இன்ன பறவையை, இன்ன ஊரில், இன்ன நாளில் கண்டேன் என்று கீழே எழுதியவுடன் அந்தப் படம் வாக்குமூலமாகிறது. வாக்குமூலத்தில் வரிகளைத் திருத்தும் உரிமை கலைஞருக்கும் கிடையாது. கலைதான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யட்டும். இது என் கற்பனை கலந்த ஆக்கம் என்று படத்தின் கீழேயே எழுதட்டும்.

நேரில் பார்க்கும்போது மனிதக் கண் குச்சியைக் கவனிப்பதில்லை, கேமராதான் அதைப் பெரிதாக்குகிறது என்பது இரண்டாவது வாதம். கண் கவனிக்காமல் விடுவது உண்மை. ஆனால் அது எதையும் அழிப்பதில்லை. மறுபடி பார்த்தால் குச்சி அங்கேயே இருக்கும். படத்தில் அழித்த குச்சியை யாரும் எத்தனை முறை பார்த்தாலும் மீட்க முடியாது.

ஓரத்தை வெட்டுவதும் நீக்கம்தானே என்பது மூன்றாவது வாதம். ஓரத்தை வெட்டும்போது சட்டகம் சிறிதாகிறது. அதற்குள் எஞ்சியிருப்பதெல்லாம் அப்படியே அங்கே இருந்தவை. நடுவிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும்போது, இல்லாத ஒன்று இருந்ததாகிறது. இந்த வேறுபாட்டை உலக அமைப்புகள் எப்போதோ தெளிவாக்கிவிட்டன. சர்வதேச ஒளிப்படக் கூட்டமைப்பான ஃபியாப், அமெரிக்காவின் ஒளிப்படச் சங்கமான பிஎஸ்ஏ, பிரிட்டனின் ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து 2015 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இயற்கைப் பட வரையறை, ஓரங்களை வெட்டுவதைத் தவிர வேறு எந்த வகையிலும் படத்தின் கூறுகளைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் இடம் மாற்றுவதையும் தடை செய்கிறது. ஆய்வுக்காக மாட்டிய வளையங்களை அதே வரையறை வெளிப்படையாக ஏற்றுக்கொள்கிறது. செய்திப் படத் துறை இன்னும் கண்டிப்பானது. 2010இல் வேர்ல்டு பிரஸ் ஃபோட்டோ பரிசு பெற்ற ஒரு படத்தில், ஓரமாகத் தெரிந்த ஒரு பாதத்தின் நுனியை அழித்ததற்காகப் பரிசு பறிக்கப்பட்டது. சிரியப் போர்ப் படம் ஒன்றின் மூலையில் கிடந்த சக பத்திரிகையாளரின் வீடியோ கேமராவை அழித்ததற்காக, புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்த ஒரு படக்காரருடனான உறவை 2014இல் ஏபி செய்தி நிறுவனம் முறித்துக்கொண்டது. போரின் செய்தியை அந்தக் கேமரா மாற்றவில்லை. ஆனாலும் அந்த நிறுவனம் இறங்கிவரவில்லை. ஒன்றை அழித்தவர் வேறு எதை அழித்தார் என்ற ஐயம் எல்லாப் படங்களையும் பற்றிக்கொள்ளும் என்று அவர்களுக்குத் தெரியும். காட்டுயிர்ப் படத்துக்கு அந்த நாணயம் வேண்டாமா?

இந்தப் பழக்கத்தின் கேடு கணினித் திரையோடு நிற்பதும் இல்லை. மாசற்ற வழவழப்பான பின்னணிதான் நல்ல படத்தின் இலக்கணம் என்று மனத்தில் பதிந்துவிட்டால், கை காட்டுக்குள்ளும் நீளும். கூட்டை மறைத்த இலைகளைக் கிள்ளுவது, கிளையை வளைத்துக் கட்டுவது, பறவை விரும்பி உட்காரும் இடத்தை விட்டு இரையை வைத்துத் தனக்கு வசதியான கொம்புக்கு அதை இழுப்பது எல்லாம் நடக்கின்றன. இலை விலகிய கூட்டின்மேல் வெயில் நேராக விழும். காகத்தின் கண்ணுக்கு முட்டை தெரியும். படமெடுத்தவர் வீடு திரும்பும் முன்பே அந்தக் கூடு அழிந்துபோகலாம். திரையில் இலையை அழிப்பவர் கூட்டில் கைவைக்கிறார் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் இரண்டையும் ஊட்டி வளர்ப்பது ஒரே ரசனை. அந்த ரசனைக்குப் பரிசும் பாராட்டும் கொடுத்து வளர்த்துவிட்டு, கூட்டைச் சிதைப்பவரை மட்டும் கண்டிப்பது நேர்மையாகாது.

பறவைப் படக்கலை எங்கே தொடங்கியது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 1892இல் இங்கிலாந்தில் செரி கீர்ட்டன் ஒரு கூட்டையும் அதன் முட்டைகளையும் படமெடுத்தார். 1895இல் அவரும் அண்ணன் ரிச்சர்டும் பிரிட்டிஷ் பறவைக் கூடுகளைப் பற்றி முழுக்க முழுக்க நேரடிப் படங்களைக் கொண்ட நூலை வெளியிட்டார்கள். செத்த பறவையைப் பாடம்பண்ணி அதைப் பார்த்து ஓவியம் தீட்டிய காலத்தில், கனத்த கேமராவைச் சுமந்து, மாட்டுத் தோலால் செய்த போலி உடலுக்குள் ஒளிந்துகூடப் படமெடுத்தார்கள். எல்லாம் களத்தில் நேராக எடுத்தவை என்பதுதான் அவர்களுடைய பெருமை. அந்தப் பெருமையை நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து நாம் ஒரு பொத்தானில் விட்டுக்கொடுக்கிறோம்.

குறுக்கே விழும் குச்சிக்குத் தீர்வு களத்திலேயே இருக்கிறது. இரண்டடி நகர்ந்தால் விலகும். தரையோடு படுத்தால் பின்னணி தூரமாகும். லென்ஸின் துளையை அகலமாகத் திறந்தால் பின்னால் இருப்பது கரையும். பறவை தானாக இடம் மாறும்வரை காத்திருக்கலாம். இவை எதுவும் முடியாவிட்டால், அந்தக் குச்சியோடு சேர்ந்ததுதான் அன்று நமக்குக் கிடைத்த உண்மை. வெளிச்சத்தைச் சரிசெய்வதிலும், லென்ஸிலும் சென்சாரிலும் படிந்த தூசியை அகற்றுவதிலும், ஓரத்தை வெட்டுவதிலும் தவறில்லை. தூசி கேமராவின் குறை. குச்சி பறவையின் உலகத்தைச் சேர்ந்தது.

ஒளிப்படக் கழகங்களும் பறவைக் குழுக்களும் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. போட்டிகளில் திருத்தாத மூலக் கோப்பைக் கேட்டு வாங்குங்கள். சூழலோடு பறவையைக் காட்டும் படங்களுக்குத் தனிப் பிரிவும் முதல் மரியாதையும் கொடுங்கள். புதிதாகக் கேமரா வாங்கி வரும் பிள்ளைகளுக்கு அழிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு முன் காத்திருக்கக் கற்றுக்கொடுங்கள். படமெடுக்கும் நண்பர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நீங்கள் அடுத்து வெளியிடும் பறவைப் படத்தின் கீழே, எந்த இனம், எந்த ஊர், எந்த நாள் என்பதோடு, படத்திலிருந்து எதை நீக்கினீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுதக் கூச்சமாக இருந்தால், நீக்கியதைத் திரும்ப வைத்துவிடுங்கள்.